முதியோருக்கு ஏற்ற கைபேசித் திரை

சந்தை விலை, வானிலை, மானியப் பதிவு எல்லாம் இப்போது கைபேசிச் செயலிகளில் கிடைக்கின்றன. திரை கண்ணுக்கும் கைக்கும் ஒத்துவராவிட்டால், வயதான விவசாயி கைபேசியைப் பிறரிடம் கொடுத்து விடுகிறார். அதோடு ரகசிய எண்ணும் கைமாறுகிறது. எனவே செயலி தயாரிப்போர் கவனிக்க வேண்டியவை:

எழுத்து: வயதானால் கண்ணுக்குள் செல்லும் ஒளி குறையும். வெள்ளைத் திரையில் சாம்பல் நிற எழுத்து வெயிலில் தெரியாது. எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளி வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும்.

பொத்தான்: அகலமும் உயரமும் சுமார் 9 மி.மீ. இருப்பது நல்லது. நாற்றைப் போலவே பொத்தானுக்கும் இடைவெளி தேவை. நெருக்கினால் விரல் தவறிப்படும். காய்ப்புக் காய்ந்த விரலின் தொடுதலைத் திரை சில வேளை உணராது. ஆகவே தொட்டது பதிவானதும் ஒலியோ அதிர்வோ வர வேண்டும்.

சின்னம்: படம் மட்டும் போதாது. அதன் கீழ் 'விதை', 'உரம்' எனத் தமிழில் பெயரும் வேண்டும்.

அவகாசம்: படிவம் நிரப்பும்போது நேரம் முடிந்தால், எழுதியது அழியாமல் கூடுதல் அவகாசம் தர வேண்டும்.

ஆண்ட்ராய்டு கைபேசி வைத்திருப்போர் 'அமைப்புகள்' பகுதிக்குள் சென்று எழுத்து அளவைத் தாங்களே பெரிதாக்கிக் கொள்ளலாம். இதற்குச் செலவில்லை. உதவிக்கு யாரை அழைத்தாலும், ரகசிய எண்ணை மட்டும் சொல்லலாகாது.