சேர்ந்து வாழ்வதும் பாடமே: காந்திகிராமம் தரும் படிப்பினை

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வரும் நாட்களில் பள்ளிகளில் நாம் பேசுவது பெரும்பாலும் மதிப்பெண், கட்-ஆஃப், கட்டணம், உதவித்தொகை பற்றித்தான். 2022இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம், மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் ‘புதுமைப் பெண்’, 2024 முதல் மாணவர்களுக்கும் அதே தொகையை வழங்கும் ‘தமிழ்ப் புதல்வன்’ ஆகியவை அரசுப் பள்ளிப் பிள்ளைகளைக் கல்லூரி வாசல் வரை கொண்டு சேர்க்கின்றன. வாசலைத் தாண்டிய பிறகு அங்கே அவர்கள் யாரோடு இருப்பார்கள், எப்படி இருப்பார்கள் என்பதை நாம் வகுப்பில் பேசுவதில்லை.

வெள்ளகோவில் பகுதியில் மேல்நிலை வகுப்புகளுக்குப் பொருளியல் கற்பித்து வருகிறேன். எங்கள் மாணவர்களின் வீடுகளில் விசைத்தறி ஓடும். இல்லையென்றால் பெற்றோர் பனியன் கம்பெனிக்கோ எண்ணெய் ஆலைக்கோ போவார்கள். வெளியூர்க் கல்லூரியில் சேர்ந்து மூன்றே வாரத்தில் ஊர் திரும்பிய மாணவர் ஒருவரிடம் காரணம் கேட்டேன். “படிப்பு கஷ்டமில்லைங்க சார். சாயந்தரம் ஆனா யாருகிட்டப் பேசறதுன்னே தெரியலைங்க” என்றார். இப்போது செக்கிங் பிரிவில் வேலை செய்கிறார்.

அவர் சொன்னதில் நமக்கு ஒரு செய்தி இருக்கிறது. பனியன் கம்பெனியில் முதல் நாளே பக்கத்து வீட்டு அண்ணன் இருப்பார். கைமடியாகச் சேர்ந்தால் வேலை சொல்லித்தர ஓர் அக்கா இருப்பார். டீ குடிக்கக் கூட ஆள் இருக்கும். சனிக்கிழமைச் சம்பளத்தோடு ஒரு கூட்டத்தையும் கம்பெனி தருகிறது. கல்லூரியில் அந்தக் கூட்டத்தைப் பிள்ளை தானாகவே உருவாக்கிக்கொள்ள வேண்டும். குடும்பத்தில் முதல் தலைமுறையாகப் படிக்கப் போகிறவருக்கு அதைச் சொல்லித்தர வீட்டில் ஆள் இல்லை. பள்ளிதான் சொல்லித்தர வேண்டும்.

காந்திகிராமத்தின் வழி

இதைத் தற்செயலுக்கு விடாமல் பாடத்திட்டத்துக்குள்ளேயே வைத்த சிறிய பல்கலைக்கழகம் ஒன்று நமக்கு அருகிலேயே இருக்கிறது. தாராபுரம், ஒட்டன்சத்திரம் வழியாகத் திண்டுக்கல் போய், மதுரைச் சாலையில் திரும்பினால் சின்னாளபட்டி. நம் ஊரைப் போல அதுவும் தறி ஊர்தான். சுங்குடிச் சேலைக்குப் பெயர் பெற்றது. அதை ஒட்டி இருக்கிறது காந்திகிராமம்.

மருத்துவர் தி.சு. சௌந்தரமும் கோ. இராமச்சந்திரனும் 1947இல் காந்திகிராமத்தைத் தொடங்கினர். டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மகளான சௌந்தரம், செல்வக் குடும்பத்தில் பிறந்து கிராமப் பெண்களுக்கான மருத்துவப் பணியைத் தேர்ந்துகொண்டவர். இராமச்சந்திரன் தாகூரின் சாந்திநிகேதனில் பயின்றவர். காந்தியடிகளோடு ஆசிரமத்தில் வாழ்ந்தவர். கைத்தொழிலை மையமாகக் கொண்டு காந்தியடிகள் 1937இல் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வியின் தாக்கமும், ஆசிரியரும் மாணவரும் ஒரே வளாகத்தில் வாழ்ந்து கற்கும் சாந்திநிகேதன் மரபும் இங்கே ஒன்றுசேர்ந்தன.

நாடு விடுதலை பெற்றதும் அமைந்த இராதாகிருஷ்ணன் ஆணையம் கிராமப் பல்கலைக்கழகங்கள் வேண்டுமென்றது. அந்தச் சிந்தனையின் தொடர்ச்சியாக 1956இல் காந்திகிராமக் கிராமிய நிறுவனம் உருவாயிற்று. 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று.

அங்கு நம் கவனத்துக்குரியவை மூன்று. முதலாவது, எல்லாச் சமயத்தவரும் ஒன்றாக அமரும் பொது வழிபாடு. இரண்டாவது, சாந்தி சேனை. ஒழுங்கு, தொண்டு, பூசல் வந்தால் பேசித் தீர்ப்பது ஆகியவற்றில் மாணவர் பயிற்சி பெறும் அமைதிப் படை இது. மூன்றாவது, கிராமத் தங்கல் திட்டம். மாணவர் குழுவாகச் சென்று ஒரு கிராமத்தில் சில நாட்கள் தங்கி, மக்களோடு பேசி, அவர்களின் வாழ்க்கையைக் கற்கிறார்கள். வேறு ஊர், வேறு சாதி, வேறு பாடப்பிரிவைச் சேர்ந்தவரோடு சேர்ந்து உண்டு, உறங்கி, வேலை செய்த பிறகு ஒருவருக்கொருவர் அந்நியராக இருக்க முடியாது.

சிறிய வளாகத்துக்குக் குறைகளும் உண்டு. பாடப்பிரிவுகள் குறைவாக இருக்கலாம். எல்லோரும் எல்லோரையும் அறிந்திருப்பதால் ஒரு மனத்தாங்கல்கூட விரைவில் பரவிவிடும். ஆகவே ‘எல்லோரும் அங்கேயே சேருங்கள்’ என்பதல்ல என் கருத்து. கூடி வாழும் பழக்கத்தைத் திட்டமிட்டு வளர்க்க முடியும் என்பதற்கு அது சான்று. அந்தப் பழக்கத்தைப் பள்ளியிலேயே நாம் தொடங்கலாம்.

நான்கு பாடவேளைகள்

பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளில் கீழ்க்காணும் முறையில் செய்யலாம்.

1. இருபத்துநான்கு மணி நேரம்: ஒவ்வொரு மாணவரும் தம் ஒரு நாளை மணிவாரியாக எழுதட்டும். எழுப்பி விடுவது யார்? துணி துவைப்பது யார்? செலவுக்குப் பணம் கேட்பது யாரிடம்? பிறகு விடுதியில் அதே நாளை எழுதச் சொல்லுங்கள். தமக்கு இன்னும் பழகாத வேலைகள் எவை என்பதை அவர்களே கண்டுகொள்வார்கள்.

2. இடம் மாறி அமர்தல்: ஐந்து பேர் கொண்ட குழுக்களை ஆசிரியரே சீட்டுக் குலுக்கி அமைக்க வேண்டும். ஒரு மாதம் அந்தக் குழுவே சேர்ந்து உண்ணட்டும், வகுப்பறைப் பொறுப்புகளை முறைவைத்துச் செய்யட்டும். நண்பர்களையே தேர்ந்துகொள்ள விட்டால் பெரும்பாலும் தெருவும் உறவுமே மறுபடி கூடும். பயிற்சியின் நோக்கம் நிறைவேறாது.

3. ஒரு தெரு ஆய்வு: அதே குழு, தலைமையாசிரியர், பெற்றோர் அனுமதியோடு அரை நாள் ஒரு தெருவில் பேசிவரட்டும். தண்ணீர் எப்போது வருகிறது, குப்பை எங்கே போகிறது, தறிச் சத்தத்தில் குழந்தைகள் எப்படிப் படிக்கிறார்கள் என்று கேட்கலாம். சாதி, கடன் பற்றிக் கேட்கக் கூடாது. கண்டதை அந்தத் தெரு மக்களிடமே திரும்பச் சென்று சொல்வது கட்டாயம். பேட்டி கொடுத்தவருக்கு நாம் செய்யும் மரியாதை அது.

4. முன்னாள் மாணவரோடு உரையாடல்: தரவரிசையில் முதலிடம் பெற்றவரைத் தேட வேண்டாம். முதல் பருவத்தைத் தட்டுத்தடுமாறிக் கடந்த ஒருவரை அழையுங்கள். முதல் வாரத்தில் யாரோடு பேசினீர்கள், வீட்டு நினைவு வந்தபோது என்ன செய்தீர்கள், ஆங்கிலத்தில் பாடம் புரியாதபோது யாரிடம் கேட்டீர்கள் என்ற மூன்று கேள்விகள் போதும்.

தொடக்கப் பள்ளியிலும் இதற்கு இடமுண்டு. காலை உணவுத் திட்டத்தில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒருவர் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் அருகில் அமர்ந்து உண்ணட்டும். வாரந்தோறும் இணையை மாற்றுங்கள். வட மாநிலத்திலிருந்து வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் படிக்கும் நம் பகுதிப் பள்ளிகளில் இதன் பயன் உடனே தெரியும்.

இவற்றுக்கு மதிப்பெண் வேண்டாம். தனித்து இருந்த பிள்ளை பேசத் தொடங்கியதா, உதவி கேட்கத் தயங்கியவர் கேட்டாரா என்று குறிப்பேட்டில் ஒரு வரி எழுதி வைத்தால் போதும்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். உயர்கல்விக்குச் சென்றவர்களின் பட்டியல் ஒவ்வொரு பள்ளியிலும் இருக்கிறது. வகுப்புகள் தொடங்கிய முதல் மாதத்திலேயே வகுப்பாசிரியர் அந்தப் பட்டியலில் உள்ளவர்களுக்கு ஒரு முறை தொலைபேசியில் பேசலாம். மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்க வேண்டாம். “கூட யாரு கண்ணு இருக்காங்க?” என்று கேளுங்கள். ‘யாருமில்லை’ என்று பதில் வந்தால், அதே கல்லூரியில் படிக்கும் நம் பள்ளியின் மூத்த மாணவர் ஒருவரின் எண்ணை அன்றே கொடுத்துவிடுங்கள்.