கத்தியா, ரேசரா? வழவழப்பான சவரத்துக்கு வீட்டுக் குறிப்புகள்

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறை ஆண்கள். மாமனார் நாற்பது வருஷம் மடக்குக் கத்தியால் தானே முகம் மழித்துக்கொண்டவர். கணவருக்கு இரண்டு பக்கமும் வெட்டும் பிளேடு மாட்டுகிற பழைய மாதிரி ரேசர். மகனுக்கு இப்போதுதான் மீசை கறுக்கிறது. மாமாவுக்குக் கை நடுங்க ஆரம்பித்த பிறகு அவருக்குச் சவரம் செய்துவிடுவது நான்தான். கத்தி தீட்டவும் அவரிடமே கற்றுக்கொண்டேன். இரண்டையும் கையில் பிடித்துப் பழகியதில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன், தோழிகளே. உங்கள் வீட்டு ஆண்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

1. காலையில் பஸ் பிடிக்க ஓடும் வீட்டுக்கு ரேசர்தான் சரி, பத்து நிமிஷத்தில் வேலை முடிந்துவிடும். கத்தி என்றால் தீட்ட, மழிக்க, துடைத்துக் காயவைக்க என்று அரை மணி நேரம் ஒதுக்க வேண்டும். அதை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

2. எதில் அதிகம் வழவழப்பு என்று கேட்டால், நன்றாகத் தீட்டிய கத்தியில்தான். ரேசரில் பிளேடின் விளிம்பு மயிரிழை அளவுதான் வெளியே எட்டிப் பார்க்கும். கோணத்தையும் ரேசரின் தலையே பாதி முடிவு செய்துவிடும். கத்தியில் எல்லாமே நம் கைப்பக்குவம். ஆனால் கத்தி ஒரே இழுப்பில் எடுப்பதை ரேசர் இரண்டு மூன்று சுற்றில் எடுத்துவிடுகிறது. சாயங்காலம் கன்னத்தைத் தடவிப் பார்த்தால் எனக்கு வித்தியாசமே தெரிந்ததில்லை. அதனால் தினப்படி வேலைக்கு என் ஓட்டு ரேசருக்கே.

3. செலவுக் கணக்கு இது. வாரம் மூன்று சவரம், ஒரு பிளேடு நான்கு முறை என்று வைத்தால் வருஷத்துக்குச் சுமார் 40 பிளேடு, அதாவது ஐந்து பிளேடு கொண்ட பாக்கெட் எட்டு. உங்கள் வீட்டில் இப்போது வாங்குகிற மூன்று பிளேடு, ஐந்து பிளேடு கார்ட்ரிட்ஜின் விலையைப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள், மிச்சம் கண்ணுக்குத் தெரியும்.

4. கத்திக்குப் பிளேடு செலவு இல்லை என்று சும்மா இருந்துவிட முடியாது. தோல் வார், தீட்டுகல் இரண்டும் வேண்டும். புதிதாக நல்ல கத்தி வாங்கினால் விலையும் அதிகம். தாத்தா வைத்துவிட்டுப் போன கத்தி பெட்டியில் இருந்தால் மட்டுமே அது சிக்கனம்.

5. அப்படிப் பழைய கத்தி கிடைத்தால் முதலில் வெளிச்சத்தில் விளிம்பைப் பாருங்கள். முதுகிலோ பக்கவாட்டிலோ உள்ள துருவைத் தேய்த்து எடுத்துவிடலாம். விளிம்பிலேயே துரு குழி பறித்திருந்தாலோ, பல் விழுந்திருந்தாலோ முகத்துக்கு வேண்டாம். ஜெர்மனியின் சோலிங்கன், இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் என்று ஊர்ப்பெயர் பொறித்திருந்தால் மெனக்கெட்டுச் சரிசெய்யத் தகுந்த கத்தி. இரண்டுமே கத்திக்குப் பேர்போன ஊர்கள்.

6. பரணில் பழைய ரேசர் இருந்தால் பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். கிங் கேம்ப் ஜில்லெட் என்ற அமெரிக்கர் 1904-இல் காப்புரிமை வாங்கிய இந்த இருபக்க ரேசருக்கு, இன்று பெட்டிக்கடையில் விற்கிற பிளேடும் பொருந்தும். முதல் உலகப் போரின்போது அமெரிக்க அரசு தன் சிப்பாய்களுக்காக 35 லட்சம் ரேசரும் 3.2 கோடி பிளேடும் வாங்கியது. அவர்கள் ஊர் திரும்பியபோது பழக்கமும் கூடவே வீட்டுக்கு வந்துவிட்டது.

7. சலூனில் பிளேடைக் காகிதத்தோடு இரண்டாக ஒடித்து மாட்டுகிற கத்தி இருக்கிறதே, அது இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி. தீட்டும் வேலை இல்லை, விலையும் குறைவு. ஆனால் பிளேடு மெல்லியதாக இருப்பதால் கை கொஞ்சம் தப்பினாலும் கடித்துவிடும். கத்தி பழகுவதற்கு இதுதான் எளிது என்று நினைத்து இறங்க வேண்டாம்.

8. குளித்த பிறகே சவரம். குளிக்க நேரமில்லையென்றால் வெந்நீரில் பிழிந்த துண்டை இரண்டு மூன்று நிமிஷம் முகத்தில் போட்டு வையுங்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020-இல் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது, எஃகைவிட ஐம்பது மடங்கு மென்மையான முடிகூட பிளேடின் விளிம்பில் சில்லு பெயர்த்துவிடுவது தெரிந்தது. முடி எவ்வளவு ஊறுகிறதோ அவ்வளவு சுலபமாக வெட்டுப்படும், முகமும் எரியாது.

9. போர் தண்ணீரில் நுரை நிற்காது, திரிந்து போகும். குடிக்கிற தண்ணீரில் அரை டம்ளர் எடுத்துச் சுடவைத்து, பிரஷ்ஷை அதில் நனைத்துக் குழையுங்கள். சோப்பும் பாதிதான் செலவாகும்.

10. நுரை பொங்கி நிற்பது அழகு, ஆனால் உபயோகம் கம்மி. தோசை மாவுக்குக் கொஞ்சம் கெட்டியாக, பளபளவென்று குழைந்து இருந்தால்தான் கத்தியோ ரேசரோ வழுக்கிக்கொண்டு போகும்.

11. முதல் தடவை செய்வதற்கு முந்தின நாள், ஒருநாள் வளர்ந்த தாடியை நான்கு பக்கமும் தடவிப் பாருங்கள். வழுக்கிப் போகிற பக்கம் முடி வளரும் திசை, குத்துகிற பக்கம் எதிர்த்திசை. கழுத்தில் மட்டும் இடம், வலம் இரண்டும் ஒன்றுபோல் இருக்காது, சிலருக்குச் சுழியே இருக்கும். அங்கே படுகிற வெட்டுகளுக்குப் பாதிக் காரணம் இதைப் பார்க்காததுதான்.

12. முதல் சுற்று முடி வளரும் திசையில், இரண்டாம் சுற்று குறுக்கே. எதிர்ப்பக்கமாக மழிப்பது தோல் தாங்குகிறவர்களுக்கு மட்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் புதிதாக நுரை போடுங்கள், வெறும் தோலில் பிளேடு படவே கூடாது.

13. சுருட்டை முடிக்காரர்களும், சவரம் செய்தால் கழுத்தில் பொரிப்பொரியாக வருகிறவர்களும் அதிக வழவழப்புக்கு ஆசைப்பட வேண்டாம். தோலுக்குக் கீழே வெட்டுப்பட்ட முடி திரும்ப உள்ளேயே வளைந்து வளர்ந்து கட்டியாகும். இவர்களுக்குக் கத்தி, ரேசர் எதுவானாலும் ஒரே சுற்று போதும்.

14. ரேசரின் கோணம் பிடிபட ஒரு வழி. தலையின் மேல்பக்கத்தைக் கன்னத்தில் வைத்து, கைப்பிடியை மெல்ல மெல்லக் கீழே இறக்குங்கள். முடி வெட்டுப்படும் சரசர சத்தம் கேட்கிற இடம்தான் சரியான கோணம். 30 டிகிரி பக்கம் வரும், அளவுகோல் தேவையில்லை, காது போதும்.

15. கார்ட்ரிட்ஜில் பழகின கை அழுத்தும். இருபக்க ரேசரை அழுத்தினால் ரத்தம்தான். கைப்பிடியின் அடிநுனியை மூன்று விரலால் பிடித்தால் அழுத்த நினைத்தாலும் முடியாது, ரேசரின் கனமே வேலையைச் செய்துவிடும்.

16. கத்தியின் முதுகு கன்னத்தை விட்டு அரை விரல்கடை விலகியிருக்கட்டும். அதைவிடப் படுத்தால் முடியை இழுக்கும், நிமிர்ந்தால் தோலைச் சுரண்டும். எந்தக் காரணம் கொண்டும் பக்கவாட்டில் நகர்த்தாதீர்கள். தக்காளி நறுக்குவது போலத்தான் ஆகும்.

17. கத்தி சவரத்தில் வேலை முழுக்க இடது கையில் இருக்கிறது என்பார் மாமா. தோலை இழுத்துப் பிடிக்காமல் கத்தி வைக்கவே கூடாது. சோப்புப்பட்ட விரல் வழுக்கினால் படிகாரக் கட்டியை ஒருமுறை தொட்டுக்கொள்ளுங்கள், பசை போட்டதுபோல் பிடி கிடைக்கும். ரேசருக்கும் இது உதவும்.

18. கத்தி பழகுகிறவர்கள் முதல் இரண்டு வாரம் கன்னம் இரண்டை மட்டும் கத்தியால் எடுத்துவிட்டு, மோவாய், மூக்கின் கீழ், கழுத்து எல்லாவற்றையும் ரேசருக்கு விட்டுவிடுங்கள். சமதளமான இடத்தில் கை நின்ற பிறகு வளைவுக்குப் போகலாம்.

19. ஒவ்வொரு சவரத்துக்கும் முன்னால் தோல் வாரில் முப்பது நாற்பது தடவை தீட்ட வேண்டும். முதுகு முன்னே போக விளிம்பு பின்னே வரட்டும். திருப்பும்போது முதுகின் மேல் புரட்டுங்கள், விளிம்பின் மேல் புரட்டினால் வாரும் போச்சு, கூரும் போச்சு. வார் தொய்ந்து தொங்கினாலும் விளிம்பு மழுங்கும், விறைப்பாக இழுத்துப் பிடியுங்கள். தனி வார் வாங்குவதற்கு முன், தையலும் பூவேலையும் இல்லாத பழைய தோல் பெல்ட்டில் பழகிக்கொள்ளலாம்.

20. தெருவில் வரும் சாணைக்காரரிடம் அரிவாள்மணை கொடுங்கள், கத்தரி கொடுங்கள், சவரக் கத்தியை மட்டும் கொடுக்காதீர்கள். சுழலும் சக்கரத்தின் சூட்டில் மெல்லிய விளிம்பின் பதம் இறங்கிவிடும், பிறகு எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது. நயமான தீட்டுகல்லில் தண்ணீர் விட்டு, முதுகும் விளிம்பும் ஒருசேரக் கல்லில் படியும்படி தேய்ப்பதுதான் முறை. தினம் உபயோகித்தாலும் சில மாதங்களுக்கு ஒருமுறை போதும். வாரில் தீட்டியும் முடியை இழுத்தால் கல்லுக்கு நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

21. பழைய கத்திகள் பெரும்பாலும் துருப்பிடிக்கும் எஃகு. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரி உப்புக்காற்று ஊர்களில் ஒரே ராத்திரியில் புள்ளி விழும். துடைத்து, திறந்தபடியே ஒரு மணி நேரம் காயவிட்டு, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு தடவி அலமாரியில் வையுங்கள். தேங்காய் எண்ணெய் நாளானால் பிசுபிசுக்கும். குளியலறை அலமாரி கத்திக்கு ஆகவே ஆகாது.

22. ரேசர் பிளேடு விஷயத்தில் நமக்கு இந்தக் கவலை குறைவு. 1960களில் துருப்பிடிக்காத எஃகு பிளேடு பரவுவதற்கு முன்னால் இரண்டாம் நாளே பிளேடில் செம்புள்ளி வந்துவிடும் என்று மாமா சொல்வார். இப்போதும் திருகைக் கொஞ்சம் தளர்த்தி அலசி உதறி வைத்தால் போதும். பிளேடைத் துண்டால் துடைக்காதீர்கள், கூரும் போகும், துண்டும் கிழியும்.

23. பிளேடை எத்தனை முறை உபயோகித்தோம் என்று மறந்து போகிறதா? பல பிளேடுகளின் மூலையில் 1, 2, 3, 4 என்று எண் இருக்கும். ஒவ்வொரு சவரத்துக்கும் அடுத்த எண் மேலே வரும்படி மாட்டுங்கள், நான்கு வந்ததும் மாற்றிவிடலாம்.

24. ஒருவருக்கு ஒத்துக்கொள்ளும் பிளேடு இன்னொருவருக்குக் காந்தும். அதனால் மொத்தமாக வாங்கும் முன் நாலைந்து கம்பெனி பிளேடில் ஒவ்வொரு பாக்கெட் வாங்கி ஒரு மாதம் மாற்றி மாற்றிப் பாருங்கள். எது ஒத்துவருகிறதோ அதை வருஷத்துக்குச் சேர்த்து வாங்கினால் விலையும் குறையும்.

25. புது ரேசர் வாங்கினால் மூன்று துண்டாகக் கழலுவதாகப் பாருங்கள், பழைய டூத்பிரஷ் போட்டு உள்ளே வரை தேய்க்கலாம். விலை குறைந்தவை துத்தநாகக் கலவையில் வார்த்து மேலே பளபளப்புப் பூச்சு கொடுத்தவை. கீழே போட்டுப் பூச்சு பெயர்ந்தால் அரித்துவிடும். பித்தளை அல்லது எஃகில் செய்தது கொஞ்சம் விலை கூடினாலும் பேரனுக்கும் உழைக்கும்.

26. சவரம் முடிந்ததும் ஈரமான முகத்தில் படிகாரக் கட்டியைத் தேய்த்து, ஒரு நிமிஷம் விட்டுக் கழுவுங்கள். எங்கே சுரீர் என்று எரிகிறதோ அங்கே அழுத்திவிட்டோம் என்று கணக்கு. அடுத்த முறை அந்த இடத்தில் கை லேசாகப் போகும். சின்ன வெட்டில் ரத்தத்தையும் நிறுத்தும். நனைந்தபடி வைத்தால் கரைந்து போகும், துடைத்து வையுங்கள்.

27. வயதானவர்களுக்குச் சவரம் செய்துவிடும்போது கத்தி வேண்டாம், ரேசர்தான். மாமாவின் கத்தியை நன்றாகவே தீட்டுவேன், ஆனாலும் அவர் தொண்டைக்குழியில் அதை ஒருநாளும் வைத்ததில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் உட்காரவைத்து, தலைக்குப் பின்னால் தலையணை கொடுங்கள். பல்செட் இருந்தால் கழற்றாமல் வாயிலேயே இருக்கட்டும், கன்னம் குழியாமல் நிற்கும். சுருக்கம் விழுந்த தோலை மேல்நோக்கி இழுத்துப் பிடித்து, அரை அங்குலம் அரை அங்குலமாக எடுங்கள். ரத்தம் இளக மாத்திரை சாப்பிடுகிறவர்கள், சர்க்கரை உள்ளவர்கள் என்றால் ஒரே சுற்றோடு நிறுத்திவிடுங்கள், வழவழப்பைவிட வெட்டுப்படாமல் இருப்பது முக்கியம்.

28. மீசை அரும்பும் பையனுக்குத் தனியாக ஒரு ரேசர் வாங்கிக் கொடுத்துவிடுங்கள். அப்பா பிளேடு பிள்ளைக்கு, அண்ணன் பிளேடு தம்பிக்கு என்ற சிக்கனம் கூடவே கூடாது. கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தால் மஞ்சள் காமாலைக் கிருமி (ஹெபடைடிஸ் பி, சி) தொற்றும். சலூனிலும் புது பிளேடை நம் கண்ணெதிரே பிரித்து மாட்டச் சொல்லுங்கள்.

29. வெளியூர்ப் பயணத்தில் ரேசருக்கு ஈடில்லை. விமானத்தில் கைப்பையில் கத்தியும் பிளேடும் கொண்டுபோக விடமாட்டார்கள். வெறும் ரேசரை மட்டும் எடுத்துப்போய், இறங்கிய ஊரில் பிளேடு வாங்கிக்கொள்ளலாம்.

30. பழைய பிளேடைக் குப்பையில் அப்படியே போடாதீர்கள், பிரிக்கிற தூய்மைப் பணியாளரின் கை கிழியும். தகர டப்பா ஒன்றின் மூடியில் கோடு மாதிரி ஓட்டை போட்டு உண்டியல் செய்துவிடுங்கள். அமெரிக்காவில் அந்தக் காலத்துக் குளியலறை அலமாரியிலேயே ஓட்டை விட்டு, பழைய பிளேடு சுவருக்குள் விழும்படி கட்டியிருந்தார்கள். எங்கள் டப்பா ஆறு வருஷமாகியும் பாதிதான் நிரம்பியிருக்கிறது. நிரம்பியதும் மூடியை ஒட்டி, மேலே 'பிளேடு' என்று எழுதித் தனியாகக் கையில் கொடுத்துவிடலாம்.

31. செவ்வாய், வெள்ளியில் சவரம் செய்யாத வீடுகள் நிறைய. எங்கள் வீட்டில் செவ்வாய்தான் பராமரிப்பு நாள். ரேசரைக் கழற்றி வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் போட்டு, பிரஷ்ஷை நன்றாக உதறி முடி கீழே பார்க்கத் தொங்கவிடுவேன். மாமா நாற்காலியை ஜன்னல் பக்கம் நகர்த்தச் சொல்வார். நான் வாரில் கத்தியை இழுக்க இழுக்க, சத்தத்தை வைத்தே "இன்னும் பத்து, விறைப்பா பிடிம்மா" என்று எண்ணிக்கொண்டிருப்பார்.