மாத்திரைக்குள் ஒரு மாற்றம்

நுழையும்முன்

மின்சாரம் நின்றால் விளக்கு அணையும். சில வீடுகளில் ஓர் உயிரின் மூச்சே அம்மின்சாரத்தை நம்பியிருக்கும். சேமித்த மின்சாரம் எவ்வாறு கைகொடுக்கிறது, எங்கே கைவிடுகிறது என்பதை அறிந்தவரே அதனை நம்பிப் பயன்படுத்த இயலும். அவ்வறிவை ஊட்டுகிறது இப்பாடம்.

சேமிப்பு என்னும் வாழ்வியல்

செட்டிநாடு ஆற்றுவளம் வாய்ந்த பகுதியன்று. ஆகவே, மழைநீரைச் சேமிப்பது அம்மண்ணின் வாழ்வியலாயிற்று. பள்ளத்தூர் போன்ற ஊர்களில் எழுந்த நகரத்தார் வீடுகளில், ஓட்டுக்கூரையில் விழுந்த மழைநீர் முற்றத்தில் வழிந்து அண்டாக்களில் நிறைந்தது. வெளியே ஓடிய நீர் ஊருணியைச் சேர்ந்தது. வரும்போது சேர்த்து, வராதபோது எடுத்துக்கொள்ளும் அச்சிந்தனையே இன்று மின்சாரத்திற்கும் பொருந்துகிறது.

மின்சாரத்தைச் சேமிக்கும் ஆய்வுக்கும் இப்பகுதிக்கும் நெருங்கிய தொடர்புண்டு. பள்ளத்தூருக்கு அருகிலுள்ள காரைக்குடியில் வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்க, மத்திய மின்வேதியியல் ஆய்வகம் உருவாயிற்று. 1948 ஜூலை 25 அன்று பிரதமர் நேரு அதற்கு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று இராதாகிருஷ்ணன் அதனைத் திறந்துவைத்தார். மின்கல ஆய்வு அங்குத் தொடர்ந்து நடைபெறுகிறது. லித்தியம் அயனி மின்கலத்தை உருவாக்கியமைக்காக 2019ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு பெற்ற மூவருள் ஒருவர் ஜான் குட்எனஃப். அவர் சார்பில் ஸ்டாக்ஹோமில் நோபல் உரை நிகழ்த்தியவர் தமிழ்நாட்டில் பிறந்த ஆறுமுகம் மந்திரம்.

பெட்டிக்குள் நிகழ்வது

அத்தகைய மின்கலங்களைக் கொண்டு, கையில் தூக்கிச் செல்லுமாறு அமைக்கப்பட்டதே ‘போர்ட்டபிள் பவர் ஸ்டேஷன்’ எனக் கடைகளில் வழங்கும் மின்சேமிப்புப் பெட்டி. அதனுள் மின்கல அடுக்கு, அதற்கு மின்னேற்றும் சார்ஜர், சேமித்த நேர்மின்னோட்டத்தை வீட்டுக்கருவிகளுக்கேற்ற மாறுமின்னோட்டமாக்கும் இன்வெர்ட்டர், இவற்றைக் கண்காணிக்கும் மின்னணுச் சுற்று ஆகியன உள்ளன.

இப்பெட்டியைச் சுவர் மின்னிணைப்பில் பொருத்திவிட்டு, அதே நேரத்தில் அதிலிருந்து மின்விசிறியையும் இயக்கலாம். இவ்வாறு, மின்னேற்றமும் மின்வழங்கலும் ஒருங்கே நிகழ்வதைப் ‘பாஸ்த்ரூ’ என்பர். இது இருவழிகளில் நிகழும். வீட்டுக்கு வரும் நீர்க்குழாயை எண்ணிப் பார்த்தால் இரண்டும் எளிதில் விளங்கும்.

முதல்வழியில், குழாய்நீர் நேரே சமையலறைக்குச் செல்கிறது; ஒரு கிளை மட்டும் தொட்டியை நிரப்புகிறது. குழாய்நீர் நின்றதும் தொட்டியின் அடைப்பு திறக்கப்படுகிறது. அதுபோலச் சுவர் மின்சாரம் நேரே கருவிக்குச் செல்ல, தடை ஏற்பட்டதும் ‘ரிலே’ என்னும் நிலைமாற்றி கருவியை மின்கலத்தின் பக்கம் திருப்புகிறது. இரண்டாம்வழியில், நீர் முழுவதும் தொட்டிக்கு வந்தே வெளியேறுகிறது. குழாய்நீர் நின்றாலும் எடுப்பவர் அதனை உணரமாட்டார். அதுபோல மின்சாரம் முழுவதும் நேர்மின்னோட்டமாகி, மீண்டும் மாறுமின்னோட்டமாகிச் செல்கிறது. தடை ஏற்பட்டால் மின்கலம் இடைவெளியின்றித் தொடர்கிறது. ஆனால், இருமுறை உருமாறுவதால் ஆற்றலில் ஒரு பகுதி வெப்பமாக வீணாகிறது.

இடைவெளியின் அளவு

முதல்வழியில் நிலைமாற்றத்திற்குச் சிறிது நேரமாகும். பல பெட்டிகளில் அது 10 முதல் 30 மில்லி விநாடி வரை இருக்கும். எழுத்தின் ஒலியளவாகிய மாத்திரையைக் கண்ணிமைக்கும் நேரங்கொண்டு அளந்தது தமிழ் இலக்கணம். அந்த ஒரு மாத்திரைக்குள் இம்மாற்றம் நிகழ்ந்து முடிந்துவிடும். மின்விசிறிக்கு அது பொருட்டன்று. கணினிக்கோ, அவ்வளவு நேரமே அணைந்து மீள்வதற்குப் போதுமானதாகலாம். ஆகவே, கருவி எவ்வளவு இடைவெளியைத் தாங்கும் என்பதை முன்கூட்டியே சோதித்தறிதல் வேண்டும்.

எவ்வளவு நேரம் தாங்கும் என்பதும் கணக்கிடத் தக்கது. 1000 வாட்மணி கொள்ளளவுள்ள பெட்டியில், இன்வெர்ட்டரின் இழப்புப் போக ஏறத்தாழ 850 வாட்மணி கிடைப்பதாகக் கொள்வோம். 85 வாட் மின்விசிறியும் விளக்கும் 10 மணி நேரம் இயங்கும். 340 வாட் ஆக்சிஜன் செறிவூட்டியோ இரண்டரை மணி நேரமே இயங்கும். ஆதலால், மூச்சுக்கு மின்சாரத்தை நம்பியிருப்பவர் வீட்டில் பெட்டியோடு ஆக்சிஜன் உருளையும் இருத்தல் இன்றியமையாதது.

காக்க வேண்டிய எல்லைகள்

6 ஆம்பியர் சுவர் இணைப்பு, 230 வோல்ட்டில் 1380 வாட் வரையே தாங்கும். கருவிக்கு 800 வாட்டும் மின்னேற்றத்திற்கு 700 வாட்டும் ஒருசேர இழுக்கப்பட்டால் 1500 வாட்டாகி அவ்வெல்லை மீறப்படும், கம்பி சூடேறும். மின்னேற்ற வேகத்தைக் குறைத்தோ, 16 ஆம்பியர் இணைப்பைப் பயன்படுத்தியோ இதனைத் தவிர்க்கலாம். மேலும், எப்போதும் முழுமையாக மின்னேற்றப்பட்ட நிலையும் கோடைவெப்பமும் மின்கலத்தின் ஆயுளைக் குறைக்கும். எனவே, காற்றோட்டமான நிழலில் பெட்டியை வைத்து, மாதம் ஒருமுறை சுவர் மின்சாரத்தை நிறுத்திச் சோதித்துப் பார்த்தல் நன்று.

அனைத்தினும் முதன்மையானது ஒன்றுண்டு. பெட்டியின் மின்சாரத்தை வீட்டுச் சுவர் இணைப்பின் வழியே செலுத்த முனைதல் கூடாது. அது தெருவின் மின்கம்பிக்குள் பாய்ந்து, மின்மாற்றியில் உயர்ந்த அழுத்தம் பெற்று, மின்தடை நேரத்தில் கம்பத்தில் பணிபுரியும் ஊழியரின் உயிரைப் பறிக்கக்கூடும். தம் வீட்டு விளக்கிற்காகப் பிறர் வீட்டு விளக்கை அணைப்பது அறமாகாது.

ஊருணியின் கொள்ளளவும் வரத்தும் அறிந்து நீரைப் பயன்படுத்தினர் முன்னோர். மின்சேமிப்புப் பெட்டிக்கும் அவ்வறிவே தேவை. அளவறிந்தவருக்கே சேமிப்பு காலத்தில் துணையாகும்.

கற்பவை கற்றபின்

1. உம் வீட்டில் மின்தடையின்போது இன்றியமையாத கருவிகளைப் பட்டியலிட்டு, அவற்றின் வாட் அளவைக் கூட்டுக.
2. 600 வாட்மணி பயன்படத்தக்க ஆற்றல், 75 வாட் கருவியை எத்தனை மணி நேரம் இயக்கும் எனக் கணக்கிடுக.
3. ‘அளவறிந்து பயன்படுத்துதலும் அறமே’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் உரையாற்றுக.