பாய்மரத்தைத் தாங்கும் ஆணிகள்

பாய்க்கப்பலின் பாய்மரத்தை நிமிர்த்தி நிறுத்துவன கம்பிக் கயிறுகள். அக்கயிறுகளின் இழுவை முழுவதையும் ஈற்றில் ஏற்பன விரலளவு பருமனுமில்லாத சில ஆணிகளே. அவற்றுள் ஒன்று அறினும் பாய்மரம் சாய நேரிடலாம். ஆதலின் ஆணியொன்றைத் தெரிவு செய்வோர் அதன் வலிமையை மட்டுமன்றி, அது எவ்வுலோகத்தின் அயலில் இருக்கப்போகின்றது என்பதையும் ஆராய்தல் வேண்டும்.

இவ்வுண்மையைத் தெளிவாக உணர்த்தியது ‘அலாம்’ என்னும் பிரித்தானியப் போர்க்கப்பல். கடற்புழு துளைக்காவண்ணம் 1761ஆம் ஆண்டில் அதன் அடிப்பாகம் செப்புத் தகட்டாற் போர்த்தப்பட்டது. மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்ற அக்கப்பலை 1763இல் சோதித்தபோது, தகட்டைப் பிடித்திருந்த இரும்பாணிகள் பல உருக்குலைந்திருந்தன. தகடுகள் சில கழன்றுபோயிருந்தன. ஆயின், தகட்டைச் சுற்றிவந்த பழுப்புத் தாள் அகற்றப்படாது ஆணிக்கும் செம்புக்கும் இடையே கிடந்த இடங்களில் இரும்பு பழுதின்றியிருந்தது.

காரணம் யாது? உப்புநீரில் தோய்ந்த இருவேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொடின், அங்கே ஒரு மின்கலம் உண்டாகின்றது. தாக்கம் மிக்க உலோகம் கரைந்து மற்றையதைக் காக்கின்றது. கரைவது சிறிதாகவும் மற்றையது பெரிதாகவும் இருப்பின் அழிவு விரைவுறும். இரும்பாணியொன்றைச் செப்புக் கம்பியாற் சுற்றி உப்புநீரிலிட்டு, தனித்த ஆணியொன்றோடு ஒப்பிடும் மாணவர் இதனைக் கண்கூடாகக் காண்பர்.

இக்கால உல்லாசப் பாய்க்கப்பல்களிற் பெரும்பாலானவற்றின் பாய்மரம் அலுமினியத்தாலானது. அதிற் பொருத்தப்படும் உறுப்புக்களோ பெரும்பாலும் கறையில் உருக்கினாலானவை. இவ்வுறுப்புக்களைச் சிறு அலுமினிய ஆணிகளாற் பிணைப்பது ‘அலாம்’ கப்பலின் கதையை மீண்டும் நிகழ்த்துவதாகும். மொனல் என்னும் நிக்கல்-செப்புக் கலப்புலோகத் தறையாணியோ, மொலிப்டினம் கலந்த 316ஆம் தரக் கறையில் உருக்கு ஆணியோ இதற்குத் தக்கது. எனினும் இடையே மின்காப்புப் பசை பூசுதல் வேண்டும். இன்றேல் துளையைச் சுற்றிப் பாய்மரமே அரிபடும். பித்தளை ஆணி கடலுக்கு உதவாது. அதன் நாகம் கரைந்துபோக, வலுவற்ற செம்பே எஞ்சும்.

இழுவையின் திசையும் நோக்கற்பாலது. குறுக்கே வெட்ட முயலும் விசையை ஆணியின் மரையற்ற தண்டுப்பகுதி ஏற்றல் நன்று. மரைப் பள்ளங்களில் தண்டு மெலிந்திருக்கும். தளத்திலிருந்து மேனோக்கிப் பிடுங்கும் பெருவிசைக்குத் திருகாணி போதாது. தளத்தை ஊடுருவிக் கீழே சுரை பூட்டப்படும் ஆணியும், சுரைக்கு மேல் அகன்ற தாங்குதகடும் வேண்டும்.

கறையில் உருக்கைக் காப்பது அதன் மேற்பரப்பிலுள்ள மெல்லிய ஒட்சைட்டுப் படலம். காற்றுப் புகாத ஈரத் துளையினுள் ஒட்சிசன் கிடையாமையால் அப்படலம் புதுப்பிக்கப்படுவதில்லை. தலை பளபளக்க, உள்ளே தண்டு அரிபட்டுக்கொண்டிருக்கும். ஆதலின் தளத்தை ஊடுருவும் ஆணிகளைக் காலந்தோறும் கழற்றிப் பார்த்தல் கப்பலோட்டுவோர் கடமையாகும்.