பெரட்டுக்களமும் மனித மனமும்

கெடாவின் ரப்பர்த் தோட்டங்களில் ஒரு காலத்தில் பொழுது விடியும் முன்பே வேலைநாள் தொடங்கிவிடும். லயங்களிலிருந்து வாளியும் உளியுமாகப் புறப்பட்டு வருபவர்கள் பெரட்டுக்களத்தில் வரிசையாக நிற்பார்கள். கிராணி பெயர்களை வாசிப்பார். இன்னாருக்கு இன்ன மரங்கள் என்று தண்டல் பிரித்துவிடுவார். பத்து நிமிடத்திற்குள் களம் காலியாகிவிடும். இருட்டோடு இருட்டாக மரம் சீவுவதற்குக் காரணம் உண்டு. விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் பட்டைக்குள் அழுத்தம் மிகுந்து பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் ஓட்டம் குறைந்துவிடும்.

அத்தகைய ஒரு தோட்டத்தில் நல்ல பெயர் எடுத்திருந்த ஒரு பெண் தொழிலாளியை எண்ணிப் பார்ப்போம். மூன்று வாரங்களாக அவருடைய வாளியில் பால் குறைந்துகொண்டே வருகிறது. பால் நிறுக்கும் இடத்தில் தண்டல் அதைக் கவனிக்கிறார். “இந்த அம்மாளுக்கு உடம்பு வணங்கவில்லை, சோம்பல் வந்துவிட்டது” என்பது அவருடைய முடிவு. ஆனால், அப்பெண்ணுக்கு ஒதுக்கப்பட்ட மரங்கள் வயதானவை. அவற்றுள் சிலவற்றில் பட்டை வறண்டு, எவ்வளவு கவனமாகச் சீவினாலும் பால் கசிவதில்லை. போதாக்குறைக்கு அது இலையுதிர்காலம். கெடாவின் வறண்ட மாதங்களில் மரங்கள் இலையைக் கொட்டித் துளிர்க்கும்போது எல்லாருடைய வாளியிலும்தான் பால் குறையும். தண்டலின் கண்ணில் மரம் படவில்லை; ஆள்தான் பட்டார்.

பணியிடத்தில் மனிதர்கள் ஏன் இப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதை ஆராயும் துறைக்கு நிறுவன நடத்தையியல் என்று பெயர். ஒருவர் மற்றவரை எவ்வாறு புரிந்துகொள்கிறார், ஒவ்வொருவரின் ஆளுமையும் எவ்வாறு வேறுபடுகிறது, எது ஒருவரை உழைக்கத் தூண்டுகிறது என்னும் வினாக்கள் அதன் அடித்தளம். தண்டல் செய்த தவற்றுக்கும் இத்துறையில் ஒரு பெயர் இருக்கிறது. பிறருடைய செயலுக்குக் காரணம் தேடும்போது நாம் அவருடைய குணத்தை மிகையாகவும் சூழ்நிலையைக் குறைவாகவும் எடைபோடுகிறோம். அமெரிக்க உளவியலாளர் லீ ராஸ் 1977ஆம் ஆண்டு இதனை ‘அடிப்படைக் காரணப்பிழை’ என்று குறிப்பிட்டார். நமக்கே அது நேரும்போது கணக்கு மாறிவிடுவதுதான் வேடிக்கை. தண்டல் தாமதமாக வந்தால் மழை காரணம். தொழிலாளி தாமதமாக வந்தால் சோம்பல் காரணம்.

அதே 1977ஆம் ஆண்டில்தான் சையட் உசேன் அலாத்தாஸ் என்னும் மலேசிய அறிஞர், ‘சோம்பேறிச் சுதேசி’ என்ற கருத்து வெறும் கட்டுக்கதை என்று விளக்கும் தம் ஆங்கில நூலை வெளியிட்டார். தனியொரு தண்டலின் பிழை ஓர் ஆட்சியின் பிழையாகவே வளர முடியும் என்பதை அந்நூல் காட்டுகிறது. தங்கள் வயலையும் ஆற்றையும் விட்டுத் தோட்டக் கூலியாக வர மறுத்த மலாய் மக்களைக் காலனித்துவ ஆட்சியாளர்கள் சோம்பேறிகள் என்றார்கள். தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர்களுக்கு வேறொரு முத்திரை கிடைத்தது. அவர்கள் அடக்கமானவர்கள், சொன்னதைச் செய்பவர்கள், தாமாக எதையும் கேட்காதவர்கள். பாராட்டுப்போல் ஒலிக்கும் இந்த முத்திரை, முன்னதைவிட அதிகத் தீங்கு செய்தது எனலாம். எதையும் கேட்காதவர் என்று ஒருவரை நம்பிவிட்டால், அவர் வாய் திறந்து கேட்கும்போதும் அது காதில் விழாது. யாரோ தூண்டிவிட்டார்கள் என்றுதான் தோன்றும்.

1941ஆம் ஆண்டு அப்படித்தான் நடந்தது. இடம் கெடா அன்று. சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரம். தமிழ் நேசன் நாளிதழில் பணியாற்றிய ஆர். எச். நாதன், கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் வழியாகத் தோட்டத் தொழிலாளர்களைத் திரட்டினார். அவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அவர்களுடைய கோரிக்கைப் பட்டியலை இன்று வாசிப்பவர்களுக்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. சீனத் தொழிலாளர்களுக்குச் சமமான கூலி வேண்டும் என்பது அதில் இருக்கிறது. அதனோடு, கொடுமை செய்யும் மேற்பார்வையாளர்களை மாற்ற வேண்டும், பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும், நல்ல மருத்துவ வசதி வேண்டும், பெண்களிடம் முறைகேடாக நடப்பது நிற்க வேண்டும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும், உறவினர்கள் தடையின்றித் தோட்டத்திற்குள் வந்துபோக வேண்டும் என்பனவும் இருக்கின்றன. இன்னொன்றும் உண்டு. துரையோ தோட்ட அலுவலரோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள்.

சைக்கிளிலிருந்து இறங்காமல் போவதால் எவருக்கும் ஒரு காசும் கூடுதலாகக் கிடைக்கப்போவதில்லை. ஆயினும், அதற்காகவும் மனிதர்கள் கூலியை இழந்து வேலைநிறுத்தம் செய்தார்கள். பணம் மட்டுமே தொழிலாளரை இயக்குகிறது என்று எண்ணியிருந்தவர்களுக்கு இது விளங்கவில்லை. நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். போராட்டம் மேலும் பரவியது. படையினர் வரவழைக்கப்பட்டு அது ஒடுக்கப்பட்டது, உயிர்களும் பலியாயின.

அதே ஆண்டின் இறுதியில் சப்பானியர் மலாயாவுக்குள் நுழைந்தனர். கெடா உள்ளிட்ட பகுதிகளின் தோட்டத் தொழிலாளர் பல்லாயிரவர் சயாம் மரண இரயில்பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். திரும்பாதவர்கள் பலர். இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தவர்களும் உண்டு. நேற்றுவரை பெரட்டுக்களத்தில் தலைகுனிந்து நின்றவர்கள், சுபாஷ் சந்திர போஸின் படையில் நெஞ்சு நிமிர்த்தி அணிவகுத்தார்கள். தோட்டத்துப் பெண்கள் ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி ஏந்தினார்கள். பிறர் நம்மை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதைப் போலவே, நாம் நம்மை எப்படிப் பார்க்கிறோம் என்பதும் நடத்தையை மாற்றும். போருக்குப் பின் துரைமார் தோட்டங்களுக்குத் திரும்பியபோது லயங்கள் பழையபடியே இருந்தன. அவற்றில் வாழ்ந்தவர்கள் பழைய ஆட்களாக இல்லை.

கெடாவில் இம்மாற்றம் தொண்டர் படை என்னும் வடிவில் வெளிப்பட்டது. பீடோங் அருகிலுள்ள ஹார்வர்ட் தோட்டத்தைச் சேர்ந்த ஏ. எம். சாமி என்பவர் அதற்குத் தலைமை தாங்கினார். 1946, 1947ஆம் ஆண்டுகளில் அது சுற்றுவட்டாரத் தோட்டங்களில் பரவியது. இளைஞர்கள் வேலை முடிந்த பின் அணிவகுப்புப் பயிற்சி செய்தார்கள். அவர்கள் முதலில் எதிர்த்தது துரையை அன்று, கள்ளை. தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை இருந்த காலம் அது. உழைத்த கூலியின் ஒரு பகுதி மாலைக்குள் அங்கே போய்விடும். வீட்டுக்கு வருவது மீதிதான். குடிப்பவரைத் திருத்தும் முயற்சி சில இடங்களில் தண்டனையாகவும் மாறியது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும், வெளியார் எவரும் உத்தரவிடாமல், கூடுதல் கூலியும் கிடைக்காமல், களைத்த உடம்போடு மாலைதோறும் திடலில் கூடிய அந்த இளைஞர்களை ‘தாமாக எதையும் செய்யாதவர்கள்’ என்று எப்படிச் சொல்வது? 1947 பிப்ரவரி இறுதியில் பீடோங் கள்ளுக்கடை மறியலின்போது காவல் துறையினருடன் மோதல் மூண்டது. அதில் ஒரு தொழிலாளர் உயிரிழந்தார். அடுத்துவந்த வாரங்களில் கெடாத் தோட்டங்களில் கைதுகளும் வேலைநிறுத்தங்களும் தொடர்ந்தன.

இந்நிகழ்வுகளுக்குப் பின்னர்தான் மேலாண்மை அறிஞர்கள் இவற்றை விளக்கக்கூடிய கோட்பாடுகளை உருவாக்கினார்கள். அவர்கள் கிள்ளானையோ பீடோங்கையோ மனத்தில் வைத்து எழுதவில்லை. 1960ஆம் ஆண்டு டக்ளஸ் மெக்கிரிகர், மேலாளர்களின் மனத்தில் இருக்கும் இரு நம்பிக்கைகளைப் பிரித்துக் காட்டினார். மனிதர்கள் இயல்பிலேயே உழைக்க விரும்பாதவர்கள், அவர்களை விரட்டித்தான் வேலை வாங்க வேண்டும் என்பது எக்ஸ் கோட்பாடு. ஏற்ற சூழல் அமைந்தால் மனிதர்கள் தாமே பொறுப்பேற்று உழைப்பார்கள் என்பது ஒய் கோட்பாடு. முதல் நம்பிக்கையின் ஆபத்து, அது தன்னைத்தானே மெய்ப்பித்துக்கொள்வதில் இருக்கிறது. விரட்டப்படுபவர் தண்டல் பார்க்கும் வரைதான் வேலை செய்வார். அதைக் கண்ட தண்டல், “நான் சொன்னேன் அல்லவா?” என்பார்.

சமமான கூலி கேட்டதன் பொருளை ஸ்டேசி ஆடம்ஸ் 1963இல் முன்வைத்த சமநீதிக் கோட்பாடு விளக்குகிறது. ஒருவர் தாம் பெறும் கூலியைத் தனியே எடைபோடுவதில்லை. தம்மைப்போல் உழைக்கும் மற்றவர் பெறுவதோடு ஒப்பிடுகிறார். ஐம்பது காசு குறைவா நிறைவா என்பதைப் பக்கத்துத் தீம்பாரில் அதே மரத்தைச் சீவுபவரின் கூலிதான் தீர்மானிக்கிறது.

பிரெடெரிக் ஹெர்ஸ்பெர்க் 1959இல் வெளியிட்ட ஆய்வு இன்னொரு பக்கத்தைத் தொடுகிறது. பொறியாளர்கள், கணக்காளர்கள் ஏறத்தாழ இருநூறு பேரிடம் அவர் வினவினார். சம்பளம், பணியிட வசதி, மேற்பார்வை போன்றவை குறைந்தால் மனக்குறை வளரும். அவை நிறைந்தால் குறை நீங்குமே தவிர ஊக்கம் தானாக வந்துவிடாது என்று அவர் கண்டார். நல்ல குடிநீர் நோயைத் தடுக்கும், ஆனால் பசியாற்றாது என்பதைப்போல. சாதனை, பிறர் மதிப்பு, பொறுப்பு ஆகியவையே ஊக்கத்தைத் தரும் என்பது அவர் முடிவு. இக்கோட்பாட்டைத் தோட்டத்திற்குப் பொருத்தும்போது சற்று எச்சரிக்கை தேவை. வயிறு நிறையாதவரிடம் மதிப்பை மட்டும் கொடுத்துச் சமாளித்துவிடலாம் என்று எவரும் இதைப் படித்துவிட்டு எண்ணக்கூடாது. மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் நடைமுறைக்கு வந்ததே 2013இல்தான். தீபகற்பத்தில் அப்போது அது மாதம் 900 ரிங்கிட். 2025இல் அது 1,700 ரிங்கிட்டாக உயர்ந்துள்ளது.

ஆளுமையைப் பற்றியும் ஒரு சொல். பெரட்டில் ஒரு வார்த்தை பேசாமல் நிற்கும் ஒருவரை “ஒதுங்கிய சுபாவம், பொறுப்புக்கு ஏற்றவர் அல்லர்” என்று கிராணி குறித்துக்கொள்ளலாம். அதே மனிதர் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் வசூல் கணக்கு எழுதுவார், தேர் இழுக்க ஆள் சேர்ப்பார், இரு குடும்பங்களின் பகையைத் தீர்த்து ஒரே பந்தியில் உட்கார வைப்பார். ஆளுமை என்பது ஒருவரிடம் ஓரளவு நிலைத்திருக்கும் பண்புகளின் தொகுதி என்பது உண்மையே. எனினும், அதில் எது வெளிப்படும் என்பதைச் சூழலும் சேர்ந்தே முடிவுசெய்கிறது. பேசினால் தண்டனை என்னும் இடத்தில் பேச்சாளரும் ஊமையாகத்தான் இருப்பார். கிராணிக்குத் திருவிழாக் கணக்குப் புத்தகத்தைப் பார்க்கும் வாய்ப்பு இல்லை.

தோட்டங்கள் இன்று சுருங்கிவிட்டன. ரப்பர் இருந்த இடங்களில் செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களும் வந்துவிட்டன. லயத்துக் குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சுங்கைப்பட்டாணித் தொழிற்சாலைகளிலும், 1996இல் திறக்கப்பட்ட கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவிலும் பணிபுரிகிறார்கள். உளிக்குப் பதில் மின்னணுக் கருவி. பெரட்டுக்குப் பதில் விரல் ரேகைப் பதிவு. மரத்தடியில் தனியே உழைத்த பாட்டியின் பேத்தி, நாள் முழுவதும் பத்துப் பேரோடு ஒரே வரிசையில் நின்று உழைக்கிறாள். தண்டலின் இடத்தில் குழுத் தலைவர் இருக்கிறார். சில வேளைகளில் அவரும் தோட்டத்துப் பிள்ளைதான்.

காலை ஏழு மணிப் பணிமுறைக்கு ஓர் இளைஞர் ஒரே வாரத்தில் மூன்று நாள் தாமதமாக வருவதாகக் கொள்வோம். தொழிற்சாலைப் பேருந்து முன்பு அவர் குடியிருப்பின் வாசலில் நின்றது. இப்போது தடம் மாறி நெடுஞ்சாலைச் சந்திப்பில் நிற்கிறது. அங்குவரை அவர் இருட்டில் நடந்து வர வேண்டும். வார இறுதியில் குழுத் தலைவர் கணினியைத் திறந்து வருகைப் பதிவைப் பார்க்கிறார். பெயர், எண், தேதி, ‘தாமதம்’ என்று கட்டங்கள் வரிசையாக இருக்கின்றன. காரணத்தை எழுத ஒரு கட்டமும் இல்லை. அவர் எழுந்து, அந்த இளைஞர் நிற்கும் இயந்திரத்தை நோக்கி நடக்கிறார்.