பட்டம் பெற்ற பின்

கல்லூரியில் பயிலும் மாணவனுக்கு ஒவ்வொரு நாளும் பிறரால் வகுக்கப்பெற்ற நாளாக அமைகின்றது. இன்ன வேளையில் இன்ன பாடம், இன்ன திங்களில் இன்ன தேர்வு என்று ஆசிரியர் வரையறுத்துத் தருகின்றனர். மணி ஒலித்தால் அவன் வகுப்பிற்குச் செல்கின்றான். மணி ஒலித்தால் வெளியே வருகின்றான். பட்டம் பெற்ற மறுநாளே அம்மணியோசை அடங்கிவிடுகின்றது. வேலை கிட்டும்வரையில் செய்யத்தக்கது யாது? கிட்டிய வேலை கற்ற கல்வியோடு தொடர்பற்றதாயின், அக்கல்வியைக் காப்பது எங்ஙனம்? இவ்விரு வினாக்களும் பட்டம் பெற்ற இளைஞர் ஒவ்வொருவர் முன்னும் எழுகின்றன. அவற்றிற்குத் தம் வாழ்க்கையையே விடையாக்கிக் காட்டியவர் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன். உலகம் போற்றும் அறிஞராக அவர் விளங்கிய காலத்தைப் பலரும் அறிவர். பெயர் அறியப்படாத இளைஞராய் அவர் கழித்த நாட்களை அறிந்தோர் சிலரே. அந்நாட்களே இப்பாடத்தின் பொருளாம்.

ஐன்ஸ்டைன் 1879-ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டின் உல்ம் நகரில் பிறந்தார். சுவிட்சர்லாந்து நாட்டுச் சூரிச் நகரில் உள்ள பல்தொழில் கல்லூரியில் கணிதமும் பௌதிகமும் பயின்று, 1900-ஆம் ஆண்டில் தேறினார். அவருடன் தேறிய தோழர் மூவரும் அக்கல்லூரியிலேயே துணையாசிரியராக அமர்த்தப்பெற்றனர். ஐன்ஸ்டைனுக்கு மட்டும் அவ்வாய்ப்புக் கிட்டவில்லை. காரணம் இல்லாமலும் இல்லை. மாணவராய் இருந்தபொழுது அவர் பல விரிவுரைகளுக்குச் செல்லாமல், தாம் விரும்பிய நூல்களையே அறையில் அமர்ந்து படித்துவந்தார். தேர்வு நெருங்கியபொழுது மார்செல் கிராஸ்மன் என்னும் நண்பர் எழுதி வைத்திருந்த குறிப்புகளே அவருக்குக் கைகொடுத்தன. ஆசிரியரின் நல்லெண்ணத்தைப் பெறாத மாணவர்க்கு அவ்வாசிரியர் பதவிக்குப் பரிந்துரைப்பாரோ?

வேலை வேண்டி ஐன்ஸ்டைன் பல நாட்டுப் பேராசிரியர்களுக்கும் மடல் எழுதினார். ஹாலந்து நாட்டுப் பேராசிரியர் ஒருவருக்கு, மறுமொழி எழுதுவதற்கென்று ஓர் அஞ்சலட்டையையும் சேர்த்தே அனுப்பினார். அவ்வட்டை திரும்பி வரவில்லை. லைப்சிக் நகரத்து ரசாயனப் பேராசிரியர் வில்கெல்ம் ஆஸ்ட்வால்டுக்குத் தம் முதல் ஆராய்ச்சிக் கட்டுரையையும் அனுப்பி, உதவியாளர் பதவி ஒன்று கிடைக்குமா என்று கேட்டார். அதற்கும் விடை இல்லை. அந்நாளில் இத்தாலியில் வாழ்ந்த அவருடைய தந்தையார் மைந்தரின் மனத்துயரைக் கண்டு வருந்தினார். அவர் செல்வர் அல்லர். வாணிகத்தில் நட்டம் கண்டவர். 1901-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், மைந்தருக்குத் தெரியாமல், அப்பேராசிரியருக்குத் தாமே ஒரு மடல் வரைந்தார். குடும்பத்திற்குச் சுமையாக இருக்கின்றோமே என்று தம் மகன் நாளும் வாடுவதையும், அவனுடைய கட்டுரையைப் படித்து ஊக்கமூட்டும் சில வரிகளேனும் எழுதினால் போதும் என்பதையும் அதில் பணிவுடன் குறிப்பிட்டார். முன்பின் அறியாத பெரியவர் ஒருவரிடம் மகனுக்காகக் கையேந்திய தந்தையின் நிலை எண்ணத்தக்கது. அம்மடலுக்கும் மறுமொழி வந்ததாகச் சான்று இல்லை.

அவ்வாண்டில் விண்டர்தூர் என்னும் ஊர்ப் பள்ளியில், படைப் பயிற்சிக்குச் சென்ற ஆசிரியர் ஒருவருக்கு மாற்றாக இரண்டு திங்கள் கற்பிக்கும் பணி ஐன்ஸ்டைனுக்குக் கிடைத்தது. முற்பகலில் ஐந்து ஆறு மணி நேரம் வகுப்பில் நின்று கற்பித்தார். பிற்பகலில் நூல்நிலையத்திற்குச் சென்று படித்தார். அல்லது வீட்டிலிருந்து ஆராய்ந்தார். நிலையில்லாத அச்சிறு வேலையிலும் நாளை இரு கூறாக்கி, ஒரு கூற்றைத் தம் கல்விக்கென ஒதுக்கியது கருதத்தக்கது. பின்னர்ச் சாப்கவுசன் என்னும் ஊரில் தனியார் பள்ளி ஒன்றில் சில திங்கள் கற்பித்தார். அதற்கிடையில் நண்பர் கிராஸ்மன் தம் தந்தையாரிடம் ஐன்ஸ்டைனைப் பற்றிக் கூறினார். அப்பெரியவர், பெர்ன் நகரில் இருந்த காப்புரிமை அலுவலகத்தின் தலைவர்க்கு அவரை அறிமுகம் செய்துவைத்தார். அங்கே வேலை ஒன்று விரைவில் வரும் என்னும் நம்பிக்கையில், 1902-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஐன்ஸ்டைன் பெர்ன் நகரை அடைந்தார்.

பெர்ன் சுவிட்சர்லாந்து நாட்டின் ஆட்சி நடைபெறும் நகரம். 1834-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற பல்கலைக் கழகமும் அங்கே உண்டு. பிற நாட்டு மாணவரும் அங்கு வந்து பயின்றனர். ஆரே என்னும் ஆறு பழைய நகரை மூன்று புறமும் வளைத்து ஓடுகின்றது. நீண்ட தெருக்களின் இருமருங்கும் கல்லாலான வளைவுகளையுடைய நடைகூடங்கள் தொடர்ந்து செல்கின்றன. மழை பெய்யும்பொழுதும் நனையாமல் நடக்கலாம். அந்நகரில் சிறிய அறை ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு ஐன்ஸ்டைன் வாழலானார்.

வேலைக்கான ஆணை வருவதற்குச் சில திங்கள் ஆயிற்று. அதுவரையில் உணவிற்கும் வாடகைக்கும் வழி வேண்டுமே! உள்ளூர்ச் செய்தித்தாளில் அவர் ஒரு விளம்பரம் கொடுத்தார். மாணவர்க்குக் கணிதமும் பௌதிகமும் தனியே கற்பிப்பதாகவும், முதற்பாடத்திற்குக் கட்டணம் இல்லை என்றும் அதில் கண்டிருந்தது. அதனைக் கண்டு வந்தவர்களுள் ஒருவர் மாரிஸ் சோலவீன். ருமேனிய நாட்டினராகிய அவர், அப்பல்கலைக் கழகத்தில் தத்துவம் பயின்று வந்தார். முதல்நாள் பேச்சே இரண்டு மணி நேரம் நீண்டது. சில நாட்களில் ஆசிரியர், மாணவர் என்னும் வேறுபாடு மறைந்தது, கட்டணமும் மறைந்தது. வருவாய் குறைந்தது, ஆயினும் வாழ்நாள் முழுவதும் நீங்காத நட்புக் கிடைத்தது. கான்ராடு ஆபிக்டு என்னும் கணித மாணவரும் அவர்களோடு சேர்ந்தார்.

மூவரும் மாலைதோறும் கூடினர். தம் சிறு கூட்டத்திற்கு ஒலிம்பியாக் கழகம் என்று விளையாட்டாகப் பெரும் பெயர் இட்டுக்கொண்டனர். அவர்களுடைய இரவுணவு மிக எளியது. சிறிது இறைச்சி, ஒரு துண்டுப் பாலாடைக்கட்டி, ஒரு பழம், கொஞ்சம் தேன், ஓரிரு கோப்பைத் தேநீர் ஆகிய இவையே அவர்களின் விருந்து. உண்டபின் நூலை விரிப்பர். இயூம், மில், ஸ்பினோசா, புவன்காரே முதலிய அறிஞர்களின் அரிய நூல்களை அவர்கள் பயின்றனர். ஒரு பக்கத்தையோ அரைப் பக்கத்தையோ படிப்பர். உடனே வாதம் தொடங்கிவிடும். ஒரு கருத்து முற்றும் விளங்கும்வரையில் பல நாள் ஆயினும் அடுத்த பக்கத்திற்குச் செல்லமாட்டார்கள். விரைந்து பல நூல்களைப் புரட்டுவதினும், ஒரு நூலை நின்று கற்பதே அவர்களுக்கு உவப்பாயிற்று. சிலநாள் இரவில் அருகிலிருந்த கூர்டன் மலைமேல் ஏறி, விண்மீன்களைக் கண்டு உரையாடிக்கொண்டே விடியலில் கதிரவன் எழுவதைப் பார்த்துத் திரும்புவர்.

ஐன்ஸ்டைனின் பிறந்தநாள் ஒன்றில் நண்பர் இருவரும், அவர் அதுவரை சுவைத்தறியாத விலையுயர்ந்த மீன்முட்டை உணவை வாங்கிவந்து பரிமாறினர். அவ்வேளையில் அவர் கலிலியோ கண்ட சடத்துவ விதியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பேச்சின் சுவையில் உணவின் சுவை தெரியவில்லை. தட்டு ஒழிந்தபின், தாம் உண்டது இன்னது என்று பிறர் சொல்லவே அறிந்து நகைத்தார். பொருள் குறைந்த நாட்களிலும் அவர்கள் மகிழ்ச்சி குறையாமல் வாழ்ந்தமைக்கு இந்நிகழ்ச்சியே சான்றாகும்.

1902-ஆம் ஆண்டு ஜூன் 23-ஆம் நாள் ஐன்ஸ்டைன் காப்புரிமை அலுவலகத்தில் மூன்றாம் நிலை நிபுணராகப் பணி ஏற்றார். ஆண்டுச் சம்பளம் 3,500 பிராங்கு. புதிய கருவிகளைக் கண்டுபிடித்தோர் அவற்றின் உரிமை தமக்கே வேண்டும் என்று விண்ணப்பம் அனுப்புவர். அக்கருவி உண்மையிலேயே புதியதுதானா, சொல்லியவாறு இயங்குமா என்று படங்களையும் விளக்கங்களையும் நோக்கி ஆராய்வதே அவருடைய வேலை. விண்ணப்பத்தில் எழுதப்பட்ட எதனையும் ஆராயாமல் ஏற்றல் ஆகாது என்று அலுவலகத் தலைவர் அவரைப் பழக்கினார். சிக்கலான ஒன்றில் அடிப்படை எது, அணியாகச் சேர்ந்தது எது என்று பிரித்தறியும் ஆற்றல் இதனால் வளர்ந்தது. கற்ற கல்விக்குப் புறம்பான வேலை என்று அவர் அதனை இகழவில்லை. அதனையும் ஒரு பயிற்சியாக ஏற்றுக்கொண்டார்.

வேலைநாள் வாரத்திற்கு ஆறு. ஒவ்வொரு நாளும் எட்டு மணி நேரம் வேலை. எஞ்சிய நேரத்தில் எட்டு மணி தம் ஆராய்ச்சிக்கு உரியது என்றும், ஞாயிற்றுக்கிழமை முழுதும் தமக்கே உரியது என்றும் அவர் கணக்கிட்டு மகிழ்ந்தார். அலுவலக வேலையை விரைந்து முடித்துவிட்டு, மேசையின் இழுப்பறையிலிருந்து ஆராய்ச்சித் தாள்களை எடுப்பார் என்றும், எவரேனும் வரும் காலடி ஓசை கேட்டால் மூடிவிடுவார் என்றும் கூறுவர். இடையூறுகளும் இருந்தன. அவருக்கு ஓய்வு கிடைக்கும் வேளையில் நகரத்து நூல்நிலையம் மூடியிருக்கும். ஆராய்ச்சிக் கூடமோ, வழிகாட்டும் ஆசிரியரோ இல்லை.

1903-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், சூரிச்சில் தம்முடன் பயின்ற மிலேவா மாரிச் என்னும் அம்மையாரை மணந்தார். அவ்வாண்டின் பிற்பகுதியில் கிராம்காசே என்னும் தெருவில், பழைய மணிக்கூண்டிற்கு அருகே ஒரு வீட்டின் மாடியில் குடியேறினர். 1904-ஆம் ஆண்டில் மகன் பிறந்தான். குழந்தையைப் பேணிக்கொண்டே அவர் கணக்கிடுவதை வந்தோர் கண்டதுண்டு என்பர். அவ்வாண்டில் மைக்கேல் பெசோ என்னும் பழைய நண்பர் அதே அலுவலகத்தில் சேர்ந்தார். வேலை முடிந்ததும் இருவரும் பேசிக்கொண்டே வீடு திரும்புவர். 1905-ஆம் ஆண்டு மே மாதத்தில், நெடுநாளாகத் தம்மை வருத்திய ஐயம் ஒன்றை ஐன்ஸ்டைன் பெசோவிடம் எடுத்துரைத்து வாதிட்டார். மறுநாள் அவரைக் கண்டு நன்றி கூறினார், விடை விளங்கிவிட்டது! ஐந்தாறு வாரங்களில் ஒரு கட்டுரை எழுதப்பெற்றது. அதுவே சார்புக் கொள்கையை உலகிற்கு அறிவித்த கட்டுரை.

அந்த ஓராண்டிலேயே நான்கு அரிய கட்டுரைகளை அவர் எழுதினார். ஒளி சிறு சிறு கூறுகளாக இயங்கும் என்பதை ஒன்று கூறிற்று. நீரில் மிதக்கும் நுண்துகள்களின் ஓயாத அசைவிற்குக் காரணத்தை மற்றொன்று விளக்கிற்று. காலத்தின் அளவும் இடத்தின் அளவும் காண்பவரின் இயக்கத்தைச் சார்ந்தவை என்று மூன்றாவது நிறுவிற்று. பொருளின் நிறையும் ஆற்றலும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்று நான்காவது காட்டிற்று. அப்பொழுது அவருக்கு வயது இருபத்தாறு. காப்புரிமை அலுவலகத்தில் மூன்றாம் நிலை நிபுணரே. அடுத்த ஆண்டில் அவர் இரண்டாம் நிலைக்கு உயர்த்தப்பெற்றார். சம்பளமும் 4,500 பிராங்கு ஆயிற்று. 1908-ஆம் ஆண்டில் பெர்ன் பல்கலைக் கழகம் அவரை விரிவுரையாளராக ஏற்றது. 1909-இல் அவர் சூரிச்சில் பேராசிரியப் பதவி பெற்று அலுவலகத்தை விட்டு நீங்கினார்.

முன்னர் விடை எழுதாத பேராசிரியர் ஆஸ்ட்வால்டு, 1910-ஆம் ஆண்டு நோபெல் பரிசிற்கு ஐன்ஸ்டைனின் பெயரை முன்மொழிந்தார். அவர் பெயரை அப்பரிசிற்கு முதன்முதலில் முன்மொழிந்தவரும் அவரே. 1921-ஆம் ஆண்டிற்குரிய பரிசு 1922-இல் ஐன்ஸ்டைனுக்கு அறிவிக்கப்பெற்றது. பெர்னில் கண்ட ஒளிபற்றிய விதியே அதில் சிறப்பாகக் குறிக்கப்பெற்றது. ஆயின் மைந்தருக்காக மடல் எழுதிய தந்தையார் இவற்றுள் எதனையும் காணவில்லை. மகன் வேலையில் அமர்ந்த நான்கு திங்களுக்குள், 1902-ஆம் ஆண்டு அக்டோபரில், அவர் காலமானார். மகன் பசியின்றி வாழ வழி பிறந்தது என்னும் ஓர் ஆறுதலே அவர் கண்டது.

பட்டம் பெற்றோர் அனைவரும் ஐன்ஸ்டைன் ஆதல் இயலாது. அவர் வகுப்பிற்குச் செல்லாமையும் பின்பற்றத்தக்கதன்று. அதன் விளைவை அவரே நுகர்ந்தார். ஆயினும் பட்டத்திற்குப்பின் அவர் கைக்கொண்ட முறை எவர்க்கும் எட்டாத ஒன்றன்று. கிடைத்த வேலையை நேர்மையுடன் செய்தல், அன்றாடம் சில நாழிகையையேனும் கல்விக்கென ஒதுக்கிக் காத்தல், அரிய நூலைப் பக்கம் பக்கமாகத் தெளிந்து கற்றல், ஒத்த ஆர்வமுடைய நண்பர் ஓரிருவரைத் தேடிக்கொள்ளல் ஆகிய இவற்றிற்குப் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை. பெரிய பதவியும் வேண்டுவதில்லை. ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1953-இல், முதுமையுற்ற ஐன்ஸ்டைன் அந்த ஒலிம்பியாக் கழகத்தை அன்புடன் நினைந்து நண்பர்களுக்கு மடல் எழுதினார். உலகப் புகழ் அனைத்தும் பெற்ற பின்னரும், எளிய உணவும் இடைவிடாத கல்வியுமாகக் கழிந்த அம்மாலைப் பொழுதுகள் அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை.