வீட்டு இணையத்தில் விளம்பரத் தடை: கோளாறு காணும் முறை

நம் அங்கத்தினர் பலரின் இல்லங்களில் இப்பொழுது இணைய இணைப்பு உள்ளது. நூல் விலை, சந்தை நிலவரம், வங்கிக் கணக்கு, பிள்ளைகளின் பாடம் யாவும் அதன் வழியே வருகின்றன. வேண்டாத விளம்பரங்களும் உடன் வருகின்றன. ஒவ்வொரு கைபேசியிலும் தனித்தனியே தடை வைப்பதை விடுத்து, வீடு முழுவதற்கும் ஒரே இடத்தில் தடை வைக்கும் முறையொன்று உண்டு. அதனை அமைப்பது எளிது. அமைத்தபின் நேரும் கோளாறுகளுக்குக் காரணம் அறிவதே கடினம். ஆகையால் முன்னதைச் சுருக்கியும் பின்னதை விரித்தும் இப்பாடத்தில் கூறுவோம்.

இணையத்தில் உள்ள ஒவ்வொரு கணினிக்கும் எண்களாலான விலாசம் உண்டு. நாம் எழுதுவதோ பெயர். பெயரைச் சொன்னால் எண்ணைத் தரும் ஏற்பாட்டுக்கு டி.என்.எஸ். என்று பெயர். அமெரிக்கரான பால் மொக்கபெட்ரிஸ் 1983ஆம் ஆண்டில் இதனை வகுத்தார். கைபேசி ஒரு பக்கத்தைத் திறக்குங்கால், அப்பக்கத்தின் பெயரை மட்டுமன்றி, அதனுடன் ஒட்டி வரும் விளம்பர நிலையங்களின் பெயர்களையும் டி.என்.எஸ். சர்வரிடம் கேட்கிறது. அந்த சர்வர் வேலையை நம் வீட்டிலுள்ள சிறு கணினியொன்று ஏற்றுக்கொண்டால், விளம்பர நிலையத்தின் பெயர் கேட்கப்படும்போது 0.0.0.0 என்னும் பயனற்ற விலாசத்தை விடையாகத் தந்துவிடலாம். விளம்பரம் வந்து சேராது. பை-ஹோல், அட்கார்ட் ஹோம் என்னும் இலவச மென்பொருள்கள் இதனைச் செய்கின்றன. உள்ளங்கை அளவுள்ள ராஸ்பெரி பை கணினியே இதற்குப் போதும். இதனை இனித் தடைக் கணினி என்போம். அதன் விலாசத்தை ரௌட்டரில் டி.என்.எஸ். என்ற இடத்தில் குறித்துவிட்டால், வீட்டுச் சாதனங்கள் அதனிடமே பெயர் கேட்கும்.

கேட்க வேண்டும் என்பதே சரியான சொல். அவ்வாறு கேட்காமற் போவதுதான் கோளாறுகளிற் பெரும்பாலானவற்றுக்குக் காரணம். அறுந்த இழையைத் தேடும் நெசவாளர் பாவு முழுவதையும் கலைப்பதில்லை. அறுந்த முனையைப் பிடித்துக்கொண்டு அதன் வழியே செல்கிறார். இங்கும் அப்படியே. ஒரு சாதனத்தில் மட்டும் விளம்பரம் வருகிறதா? அந்தச் சாதனம் எவரிடம் பெயர் கேட்கிறது என்பதையே முதலிற் பார்க்க வேண்டும். கணினியாயின் கட்டளைச் சாளரத்தில் ‘என்எஸ்லுக்அப்’ கட்டளையுடன் ஏதேனும் ஓர் இணையப் பெயரைக் கொடுத்தால், விடை தந்த சர்வரின் விலாசம் மேல்வரியிலேயே தோன்றும். கைபேசியாயின் தடைக் கணினியின் கேள்விப் பதிவேட்டைத் திறந்து, அக்கைபேசியின் விலாசம் அதில் இருக்கிறதா என்று நோக்குக. இல்லையெனில் அது வேறொருவரைக் கேட்கிறது. வைஃபையை அணைத்துவிட்டுக் கைபேசி நிறுவனத்தின் இணைப்பில் ஓடிக்கொண்டிருப்பதும் உண்டு, அதனையும் பார்த்துக்கொள்க.

மிகவும் பரவலாகக் காணப்படும் பிழை, ரௌட்டரில் இரண்டாம் டி.என்.எஸ். விலாசமாக 8.8.8.8 போன்ற பொது சர்வரை எழுதுவது. முதலாவது பழுதானால் இரண்டாவது உதவும் என்று எண்ணியே இவ்வாறு எழுதுகின்றனர். ஆனால் பல சாதனங்கள் அவ்விரண்டில் எதனையும் தம் விருப்பப்படி கேட்கும். இரு மடைகளில் ஒன்றை அடைத்து மற்றொன்றைத் திறந்து வைத்தால் நீர் நிற்குமோ? விளம்பரம் சில வேளை வந்தும் சில வேளை வராமலும் இருந்தால் இதனையே ஐயுறுக. இரண்டாம் இடத்தை வெறுமையாக விடுக. காப்பு வேண்டுமென்போர் இரண்டாவது தடைக் கணினியொன்றை வைத்தலே முறை.

அடுத்தது ஐ.பி.வி6 என்னும் புதிய விலாச முறை. பழைய முறையில் தடையைச் சரியாக அமைத்திருப்போம். ரௌட்டரோ புதிய முறையில் இணைப்பு நிறுவனத்தின் சர்வரைச் சாதனங்களுக்கு அறிவித்துக்கொண்டிருக்கும். ரௌட்டரின் ஐ.பி.வி6 பகுதியிலும் தடைக் கணினியின் விலாசத்தைக் குறிக்க வேண்டும். அதற்கு இடமில்லாத ரௌட்டராயின் அவ்வறிவிப்பை நிறுத்த வேண்டும்.

சாதனமே தனி வழி வைத்திருப்பதும் உண்டு. 2018இல் வந்த ஆண்ட்ராய்டு 9 முதல் ‘தனிப்பட்ட டி.என்.எஸ்.’ என்ற அமைப்பு இருக்கிறது. அதில் வேறொரு சர்வரின் பெயர் எழுதப்பட்டிருந்தால் வீட்டுத் தடை பயன்படாது. உலாவிகளிலும் ‘பாதுகாப்பான டி.என்.எஸ்.’ என்று ஒன்று உண்டு, அதனையும் பார்க்க. சில தொலைக்காட்சிச் சாதனங்களில் பொது சர்வரின் விலாசம் உள்ளேயே பதிக்கப்பட்டிருக்கும். ரௌட்டரில் 53ஆம் வாயில் வழியாக வெளியே செல்லும் கேள்விகளைத் தடைக் கணினி தவிர மற்றவற்றுக்கு மறுத்தல் இதற்குப் பரிகாரம். எதை மாற்றினாலும் வைஃபையை ஒரு முறை துண்டித்து மீண்டும் இணைத்தபின் சோதிக்க. சாதனங்கள் பழைய விடைகளைச் சிறிது நேரம் நினைவில் வைத்திருக்கும்.

இனி மறுபுறம். தேவையானதே திறக்கவில்லை, பணம் செலுத்தும் செயலி பாதியில் நிற்கிறது. உடனே தடை முழுவதையும் நீக்கிவிடுதல் வேண்டா. சில நிமிஷம் மட்டும் தடையை நிறுத்திச் செயலியைத் திறக்க. திறந்தால் குற்றம் தடைப் பட்டியலில் உள்ளது. தடையை மீண்டும் இயக்கி, செயலியை மறுபடி திறந்து, அந்நேரத்தில் மறுக்கப்பட்ட பெயரைப் பதிவேட்டிற் கண்டு, அதற்கு மட்டும் அனுமதி தருக. பட்டியல்கள் பத்துப் பன்னிரண்டு சேர்ப்பதால் பயன் பெருகுவதில்லை, தொல்லையே பெருகும். நல்லதொன்று போதும் என்பது நம் கருத்து. இப்பதிவேட்டில் வீட்டார் ஒவ்வொருவரும் திறந்த தளங்களின் பெயர்கள் தெரியும். பழுது காண்பதற்கன்றி, பிறரை வேவு பார்ப்பதற்கு இதனைக் கையாளுதல் தகாது.

வீடு முழுவதும் இணையம் நின்றுவிட்டால், கணினியில் 8.8.8.8க்கு ‘பிங்’ கட்டளை கொடுத்துப் பார்க்க. விடை வந்தால் இணைப்பு நன்றாயுள்ளது. பெயர் விசாரணையே நின்றுள்ளது. தடைக் கணினியின் விலாசம் மாறியிருக்கக் கூடும். ரௌட்டரில் அதற்கு நிலையான விலாசம் ஒதுக்கினால் இக்குறை தீரும். மின்தடைக்குப்பின் நேரும் கோளாறு ஒன்று விசித்திரமானது. ராஸ்பெரி பை 4 வரையுள்ளவற்றில் மின்கலக் கடிகாரம் இல்லை; 5இல் கடிகாரம் உண்டெனினும் மின்கலத்தைத் தனியே வாங்கிப் பொருத்த வேண்டும். மின்சாரம் மீண்டதும் கணினி பழைய நேரத்திலேயே விழிக்கிறது. டி.என்.எஸ்.செக் என்னும் கையொப்பச் சோதனை இயங்கினால், நேரம் பொருந்தாமையால் விடைகளை அது தள்ளிவிடும். நேரத்தைத் திருத்திக்கொள்ளவோ நேர சர்வரின் பெயருக்கு விடை வேண்டும்! நேர சர்வரை எண் விலாசத்தாலேயே குறித்துவிட்டால் இச்சிக்கல் அவிழும்.

யூடியூப் விளம்பரங்கள் மட்டும் இம்முறையால் நிற்பதில்லை. அவை படக்காட்சி வரும் நிலையங்களிலிருந்தே வருவதால், பெயரைக் கொண்டு பிரித்தறிய வழியில்லை.

தடை அமைத்தவர் ஊரில் இல்லாத நாளில் தடைக் கணினி நின்றுபோனால், வீட்டிலுள்ளோர் அவசரத்துக்குப் பணம் அனுப்பவும் இயலாது தவிப்பர். ஆதலின் ரௌட்டரைத் திறக்கும் முறையையும், டி.என்.எஸ். விலாசத்தை 8.8.8.8 என மாற்றும் இடத்தையும் ஒரு தாளில் எழுதி, ரௌட்டர் அருகிலேயே ஒட்டி வைக்க. வீட்டார் ஒருவரைக் கொண்டு அதன்படி ஒரு முறை செய்தும் பார்க்க.